கீழ யாரு இருக்கா?

எங்கள் அலுவலகத்தின் முதல் மாடி வராந்தாவில் இடுப்பளவு கைப்பிடிச்சுவர் ஒன்று உண்டு. டீ குடித்து முடித்தவர்கள் டம்ளரின் அடியில் மிஞ்சியதை அதற்கு மேலாக வீசிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் உள்ளே போய்விடுவார்கள். கீழே ஒரு செம்பருத்திப் புதரும், துருப்பிடித்த சைக்கிள் ஸ்டாண்டும்தான். அக்கா மட்டும் டம்ளரைக் கையில் பிடித்தபடி சுவர்மேல் பாதி உடம்பைச் சாய்த்து எட்டிப் பார்ப்பார். பார்த்தது போதாதென்று, "கீழ யாரு இருக்கா?" என்று குரலும் கொடுப்பார். புதர் பதில் சொல்லாது. இன்னொரு தடவை கேட்டுவிட்டு அப்புறம்தான் ஊற்றுவார்.

"ஊத்துங்கக்கா, செம்பருத்தி சோப்பு போட்டு ரெடியா நிக்குது" என்பேன் நான்.

"ஒனக்கு எதுனாலும் சிரிப்பாணிதான் ஏட்டி" என்பார்.

பெயரைச் சொல்லப் போவதில்லை. சொன்னால் அவருக்குப் பிடிக்காது. அலுவலகத்தில் எல்லோருக்கும் அவர் அக்காதான், தெலுங்குக்காரர்களுக்கும் உருதுக்காரர்களுக்கும்கூட. பாளையங்கோட்டைப் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பம். வேலை கிடைத்து ஹைதராபாத் வந்தவர், அல்வாலில் ஒரு மாடி அறையை வாடகைக்கு எடுத்து அப்படியே தங்கிவிட்டார். கல்யாணம் ஏன் ஆகவில்லை என்று நானும் ஒரு தடவை கேட்டேன். "ஆவல" என்றார். அதற்குமேல் அதில் பேச ஒன்றும் இல்லை என்பதுபோல டிபன் டப்பாவை மூடிவிட்டார்.

எங்களுடையது மத்திய அரசு நிறுவனம். அணைகளுக்கு வரைபடம் போட்டுக் கொடுப்பது வேலை. நான் டைப்பிஸ்ட். அக்கா ட்ரேசிங் அறையில். சாய்வு மேசைமேல் குனிந்து, கண்ணாடி மாதிரித் தெரியும் தாளில் கறுப்பு மையால் கோடு இழுத்துக்கொண்டிருப்பார். என் குடும்பம் மெட்டுகுடா ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்தது. கணவர் ரயில்வே பட்டறையில் ஃபிட்டர். அரக்கோணத்தில் இருந்து எங்கள் தாத்தா காலத்தில் வந்தவர்கள் நாங்கள். என் தமிழில் பாதி இந்த ஊருடையது. அக்காவின் தமிழோ இத்தனை வருடம் கழித்தும் நேற்று ரயிலை விட்டு இறங்கியதுபோலத்தான் இருக்கும்.

என் மகளின் ஞானஸ்நான விருந்துக்கு அக்கா குவார்ட்டர்ஸுக்கு வந்தார். பின்முற்றத்தில் சமையல். கூட்டத்துக்குத் தண்ணீர் போதாதென்று கழிவறைக் கூரையின் மேல் செங்கல் அடுக்கி ஒரு பெரிய டிரம்மை ஏற்றி நிரப்பி வைத்திருந்தார் என் கணவர். அந்தக் கூரையின் நிழலில்தான் குழந்தையின் தொட்டில். அக்கா வந்ததும் குழந்தையைக் கொஞ்சவில்லை. அண்ணாந்து டிரம்மைப் பார்த்தார், குனிந்து தொட்டிலைப் பார்த்தார், அதை இழுத்துக்கொண்டுபோய் வெயிலில் விட்டார். குழந்தை வீல் என்று கத்தியது. என் மாமியாருக்கு முகம் சுருங்கிவிட்டது.

டிரம் விழவில்லை. அன்றும் விழவில்லை, அதற்கப்புறமும் விழவில்லை. "டிரம் சௌக்கியமா இருக்குங்க" என்று என் கணவர் பார்க்கும்போதெல்லாம் அக்காவைச் சீண்டுவார். "விழலல்லா? நல்லதுதான" என்பார் அக்கா. தான் சொன்னது சரி என்று வாதாடி நான் பார்த்ததில்லை. விழாமல் இருந்ததில் அவருக்கு நிஜமாகவே சந்தோஷம்.

அல்வால் அறையில் அவர் இருப்பதை வைத்தே அவரைச் சொல்லிவிடலாம். கீழே வீட்டுக்காரர் குடும்பம். மாடியில் அக்கா செருப்பில்லாமல் பாதத்தைப் பதித்து நடப்பார். நாற்காலியை இழுக்கமாட்டார், தூக்கித்தான் வைப்பார். பாத்திரம் கழுவினால் தண்ணீரை ஒரே அடியாகக் கழிவுக் குழாயில் விடாமல் கொஞ்சம் கொஞ்சமாக விடுவார். "ரொம்ப நல்ல மனுஷி. இருக்காங்களா இல்லையான்னே தெரியாது" என்று வீட்டுக்காரம்மா என்னிடம் மெச்சிக்கொண்டார். அக்காவிடம் அதைச் சொன்னபோது மகிழ்ந்துதான் போனார். எனக்கென்னவோ அது மெச்சலாகப் படவில்லை.

ஒருமுறை அக்கா சொல்லாமல் கொள்ளாமல் வேலைக்கு வரவில்லை. மறுநாளும் வராதபோது நான் பஸ் பிடித்துப் போனேன். "ஊருக்குப் போயிருப்பாங்கபோல, சத்தமே இல்லை" என்றார் வீட்டுக்காரம்மா. மேலே போனால் அக்கா காய்ச்சலில் கிடக்கிறார். உதடெல்லாம் வெடித்திருக்கிறது.

"கூப்பிட வேண்டியதுதானேக்கா? கீழதானே இருக்காங்க" என்று கத்தினேன்.

"கீழ அவ்வொ பிள்ளைக்குப் பரீச்சைட்டி. நா மேல இருந்து சத்தம் போட்டா அது எப்படிப் படிக்கும்?"

அவருக்குக் கஞ்சி வைத்துக் கொடுத்துவிட்டுத் திரும்பும்போது பஸ்ஸில் அழுதேன். கோபம்தான் அதிகம்.

அக்காவின் வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் பிறகு நடந்தது புரியாது. அணைகளையும் ஏரிகளையும் ஆபத்தைப் பொறுத்து வகுப்பு வகுப்பாகப் பிரிக்கிற வேலை ஒன்று எங்கள் அலுவலகத்துக்கு வந்தது. எங்கே உடைந்தால் தண்ணீர் எதுவரை பாயும் என்று வரைபடத்தில் ஒரு கோடு போட வேண்டும். அந்தக் கோட்டைப் போடுவது அக்கா. உறுதியான அணைக்கு ஒரு வகுப்பு, ஆட்டம் கண்ட அணைக்கு ஒரு வகுப்பு என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். மத்தியானச் சாப்பாட்டின்போது அக்கா திருத்தினார்.

"அணை நல்லா இருக்கா இல்லையாங்கது வேற கணக்குட்டி. இது, ஒடஞ்சா கீழ யாரு இருக்காங்கது. கீழ வெறும் வயலா, மூணாம் வகுப்பு. ரோடு, பாலம் இருக்கா, ரெண்டாம் வகுப்பு. ஆளு குடியிருக்கா, மொத வகுப்பு. அணை புத்தம் புதுசா இருந்தாலும் மொத வகுப்புதான்."

வீட்டில் இதைச் சொன்னபோது என் கணவர் விழுந்து விழுந்து சிரித்தார். "ரயில்ல ஃபர்ஸ்ட் கிளாஸ்னா சொகுசு, உங்க ஆபீஸ்ல ஃபர்ஸ்ட் கிளாஸ்னா சாவா?" என்றார்.

அந்த வேலை வந்து சில வருடம் கழித்து எங்கள் ஊழியர்கள் சேர்ந்து வீடு கட்டும் சங்கம் ஆரம்பித்தார்கள். அல்வாலுக்கும் அப்பால், ஒரு பழைய ஏரியின் கரைக்குக் கீழே, நெல் விளைந்த நிலம் விலைக்கு வந்தது. அங்கே ஏரியைச் செருவு என்பார்கள். வாங்கலாமா வேண்டாமா என்று தயங்கியபோது யாரோ அந்த ஏரிக்கு எங்கள் அலுவலகம் போட்டிருந்த பழைய வரைபட ஷீட்டையே எடுத்துப் பார்த்தார்கள். மூன்றாம் வகுப்பு என்று போட்டிருந்தது. அப்புறம் என்ன தயக்கம்? அணையைப் பற்றி அத்தனையும் தெரிந்த அலுவலகம், மூன்றாம் வகுப்பு என்றால் பயமில்லை என்று படித்துக்கொண்டு ஆளாளுக்கு ஒரு மனை வாங்கியது. ஷீட் சொன்னது, கீழே ஆள் இல்லை என்பதை மட்டும். ஆளாகப் போகிறவர்கள் நாங்கள்தான் என்பது ஒருவருக்கும் உறைக்கவில்லை. வேறு எந்த அலுவலகத்துக்காரனும் ஏரிக்கரையைப் பார்த்ததும் ஒரு நிமிஷம் யோசித்திருப்பான்.

அக்காவுக்கும் உறைக்கவில்லை. அதைச் சொல்லியே ஆக வேண்டும். அந்தப் பழைய ஷீட்டே சர்வே படத்தைப் பார்த்து அவர் வரைந்ததுதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் வேன் வைத்துக்கொண்டு மனை பார்க்கப் போனோம். கரைமேல் உட்கார்ந்து பிரியாணி சாப்பிட்டோம். தண்ணீர்மேல் காற்று சிலுசிலுவென்று வந்தது. எங்கள் பிரிவுத் தலைவர் கும்பகோணத்துக்காரர், கடுமையான ஆள். அவரே பேன்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு தண்ணீரில் கால் நனைத்தார். அக்கா கரையை விட்டு இறங்கி வயல்வெளியில் தனியாக நடந்துபோனார். ஒரு பனைமரத்தின் அடியில் போய் நின்றார்.

"ஏட்டி! இங்கன ஒரு பனை நிக்கி பாரு!"

அந்தக் குரலை நான் அதற்குமுன் கேட்டதில்லை. பனை நின்ற மனைதான் வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டார். ஓரத்து மனை, அதற்கப்பால் தூர்ந்துபோன ஓர் ஓடை. அதற்கு அடுத்த மனையை நான் எடுத்துக்கொண்டேன். குவார்ட்டர்ஸ் எங்களுடையது இல்லை. கணவர் ஓய்வு பெறும் நாளன்று சாமானைத் தெருவில் வைக்க வேண்டியதுதான். எங்களுக்கென்று ஒரு கூரை அங்கேதான் வரப்போகிறது.

அதற்கப்புறம் சாப்பாட்டு நேரமெல்லாம் வீட்டுப் பேச்சுத்தான். இரண்டு வீட்டுக்கும் நடுவில் மதில் வேண்டும், மதிலில் ஒரு சின்ன கேட் வேண்டும். தெருவுக்குப் போய்ச் சுற்றி வரக்கூடாது. குழம்புக் கிண்ணத்தோடு நேராக வரவேண்டும். அக்கா ஒரு துண்டு ட்ரேசிங் தாளில் அந்த கேட்டைக்கூட வரைந்து காட்டினார்.

"மாடி கட்டுவீங்களாக்கா?"

"வேண்டாம்ட்டி. தரையோட ஒரு வீடு. கீழ யாரும் இல்லாம. நாற்காலிய தரதரன்னு இழுப்பேன்" என்று சொல்லிச் சிரித்தார். அவர் வாய்விட்டுச் சிரித்தது எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான்.

நாங்கள் அஸ்திவாரம் போட்டோம். இன்னும் பலர் போட்டார்கள். அந்த நேரம் பார்த்து, பழைய ஷீட்டுகளைப் புதுப்பிக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. ஒரு மத்தியானம் அக்கா டப்பாவைத் திறக்காமலே உட்கார்ந்திருந்தார்.

"என்னக்கா, உடம்பு சரியில்லையா?"

"நம்ம செருவு ஷீட்டு இன்னைக்கு மேசைக்கு வந்துட்டு" என்றார். "கீழ யாரு இருக்கான்னு பாத்தேன். நாமதான்ட்டி இருக்கோம்."

முதல் வகுப்பு என்று போட்டால் என்ன ஆகும் என்பது அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரியும். யாரும் வந்து விளக்க வேண்டியதில்லை. ஏரி நிரம்பினால் தண்ணீர் வெளியேற அகலமான கால்வாய் வெட்டியாக வேண்டும். வெட்டி முடிக்கும்வரை யாருக்கும் வீடு கட்ட அனுமதி கிடையாது. கால்வாய் எந்த வழியாக வரும் என்பதும் தெரியும். அந்தத் தூர்ந்த ஓடை வழியாகத்தான். ஓடையை அகலப்படுத்தினால் பனை நிற்கிற மனை இருக்காது.

பிரிவுத் தலைவருக்கு மூன்றாவது வரிசையில் மனை. "பழைய ஷீட் ஒப்புதல் ஆன ஷீட்தானேம்மா. அதையே ட்ரேஸ் பண்ணிடுங்க. அடுத்த தடவை பாத்துக்கலாம்" என்றார். கெட்டவர் இல்லை அவர். எங்கள் எல்லோரையும்போல வீடு வேண்டும் என்று இருந்தவர். சங்கத்தின் செயலாளர், கணக்குப் பிரிவில் இருந்த இந்த ஊர்க்காரர், அக்காவின் மேசைக்கே வந்துவிட்டார். "கைக்கு அக்கா யெ சப்? நக்கோ அக்கா, நக்கோ" என்று உருதுவில் கையைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சினார், இதெல்லாம் எதற்கு, வேண்டாம் என்று.

"நீங்க வீடு கட்டுங்க, நல்லா இருங்க" என்றார் அக்கா. "ஆனா ஆளு இல்லன்னு நா எப்படிப் போடுவேன்? நீங்க இருக்கீங்கள்லா."

அன்று எனக்கும் ஆத்திரமாகத்தான் வந்தது. "உங்க மனையே போகும்க்கா. பனை போகும். தெரியுமா உங்களுக்கு?" என்றேன்.

"தெரியும்" என்றார். தலையை நிமிர்த்தவே இல்லை.

ஷீட்டை அவர் தலைவரின் மேசைக்குக் கொண்டுபோனபோது நானும் அந்த அறையில் இருந்தேன். கடிதம் எழுதிக்கொள்ளத் தலைவர் என்னைக் கூப்பிட்டிருந்தார். ஏரிக்குக் கீழே, வயல் என்று காட்டியிருந்த இடத்தில், வரிசை வரிசையாகச் சின்னச் சின்னக் கட்டங்கள். ஒவ்வொரு மனைக்கும் ஒரு கட்டம். தலைவர் வெகுநேரம் பார்த்தார். "இதெல்லாம் அழிச்சுடும்மா" என்றார். குரலில் அதட்டல் இல்லை.

ட்ரேசிங் தாளில் மையை ரப்பரால் அழிக்க முடியாது. சவர பிளேடைப் பாதியாக உடைத்து, தாள் கிழியாமல் கோடு கோடாகச் சுரண்ட வேண்டும். அக்கா தன் பிளேடை ஷீட்டின் மேல் வைத்தார்.

"எந்த வீட்டுல ஆரம்பிக்கணும்னு சொல்லுங்க சார்."

தலைவரின் கண் மூன்றாவது வரிசைக்குப் போனது. என் கண் ஓரத்துக்குப் போனது. அங்கே என் கட்டம், அதை ஒட்டி அக்காவின் கட்டம். இரண்டுக்கும் நடுவில் ஒரே ஒரு கோடு. கடிதத்தை அப்புறம் பார்க்கலாம் என்று தலைவர் எங்களை அனுப்பிவிட்டார். ஷீட்டும் பிளேடும் சில நாட்கள் அவர் மேசைமேலேயே கிடந்தன. அவரும் தொடவில்லை, வேறு யாரையும் தொடச் சொல்லவும் இல்லை. கடைசியில் கையெழுத்துப் போட்டுவிட்டார். பிளேடைப் பியூன் கொண்டுவந்து அக்காவிடம் கொடுத்தான்.

கட்டுமானம் நின்றது. எங்கள் அஸ்திவாரத்தில் முள்செடி முளைத்தது. என் கணவர் அக்காவின் பெயரை வீட்டில் எடுக்கக்கூடாது என்றார். அலுவலகத்தில் யாரும் சண்டை போடவில்லை, அதைவிட மோசம். பிறந்தநாள் இனிப்பு எல்லா மேசைக்கும் போகும், அக்கா மேசையைத் தாண்டிப் போகும். டீ வேளையில் அவர் வராந்தாவுக்கு வந்தால் பேச்சு நிற்கும். அவர் டம்ளரை எடுத்துக்கொண்டு சுவரோரம் போய், "கீழ யாரு இருக்கா?" என்று கேட்டால் பின்னால் இருந்து யாராவது, "நாங்கதான் இருக்கோம், தலைமேல ஊத்துங்க" என்பார்கள். அக்கா திரும்பிப் பார்க்கமாட்டார். நான் அவரோடு பேசுவதை நிறுத்தவில்லை. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை, எனக்கு வாயை மூடிக்கொண்டு இருக்க வராது. ஆனால் ஒரு ஆள் பேசி என்ன? அந்த வராந்தா முழுவதும் அவருக்கு எதிராக இருந்தது.

கால்வாய் வெட்டினார்கள். பனையை வெட்டினார்கள். ஓரத்து மனைக்காரர்களுக்கு மாற்று மனை கொடுக்கச் சங்கம் முடிவு செய்தது. அக்காவுக்கு மட்டும் அடுத்த கட்டத்தில் பார்க்கலாம் என்றார்கள். அடுத்த கட்டம் என்று ஒன்று வரவே இல்லை. அவர் கேட்கவும் இல்லை. நான் அவருக்காகக் கேட்டேன். கேட்டேன், கேட்டேன், கதவைத்தான் சாத்தினார்கள்.

அனுமதி திரும்பக் கிடைத்து நாங்கள் வீடு கட்டினோம். மதில் எழுப்பியபோது, "கேட்டுக்கு இடம் விடு" என்று கொத்தனாரிடம் சொன்னேன். "அந்தப் பக்கம் கால்வாய் இருக்கும்மா, கேட் எதுக்கு?" என்றான். என் கணவரும் கேட்டார். "இது என் கேட்" என்றேன். இரும்பில் ஒன்று செய்து மாட்டினோம். திறந்தால் கால் வைக்க இடமில்லை, தண்ணீர் ஓடும் பள்ளம்தான்.

குடிபோன பிறகு வந்த ஒரு மழைக்காலத்தில் விடாமல் பெய்தது. செருவு தளும்பியது. விடிந்து பார்த்தால் கால்வாய் முட்ட முட்டச் செம்மண் தண்ணீர் ஓடுகிறது. எல்லோரும் வாசலில் நின்று வேடிக்கை பார்த்தார்கள். தண்ணீர் எங்கள் மதிலை உரசிக்கொண்டு போனதே தவிர ஒரு வீட்டுப் படியிலும் ஏறவில்லை. "பாத்தீங்களா, கரை கல்லு மாதிரி நிக்குது. இதுக்குப் போய் அந்தம்மா நம்மள என்ன பாடு படுத்திச்சு" என்றார் எதிர்வீட்டுக்காரர். அவர் வீடும் அந்த ஷீட்டில் ஒரு கட்டமாக இருந்ததுதான். அதற்குத் தலையாட்டினவர்களின் வீடுகளும் அப்படித்தான்.

எனக்கு அங்கே நிற்கப் பிடிக்கவில்லை. பக்கவாட்டுக்குப் போய் என் கேட்டைத் திறந்தேன். தண்ணீருக்கு அந்தப் பக்கம், கரையோரம், குடையோடு அக்கா நின்றிருந்தார். சேலை முழங்கால்வரை நனைந்திருந்தது. அல்வாலில் இருந்து அந்த மழையில் நடந்தே வந்திருக்க வேண்டும். பஸ் ஓடவில்லை.

"அக்கா! ரோடு வழியா சுத்தி வாங்க! காபி போடறேன்!"

தண்ணீர் இரைச்சலில் அவருக்குக் கேட்டதா தெரியவில்லை. அவர் வீடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஓரத்தில் இருந்து ஆரம்பித்து, வரிசை வரிசையாக, கடைசி வீடுவரை. பிறகு என் பக்கம் திரும்பி வாயருகே கையைக் குவித்து ஏதோ கேட்டார். முதலில் விளங்கவில்லை. மறுபடியும் கத்தினார்.

"எல்லாரும் இருக்கீங்களாட்டி?"

"இருக்கோம்க்கா!" என்று கத்தினேன். "எல்லாரும் இருக்கோம்!"

சரி என்பதுபோலத் தலையை ஆட்டினார். குடையைச் சரியாகப் பிடித்துக்கொண்டு வந்த வழியே திரும்பி நடந்தார். நான் அக்கா, அக்கா என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன்.

என் குரல் கேட்டு மகள் வீட்டுக்குள் இருந்து ஓடி வந்தாள். இந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் படிக்கிறவள், தமிழில் கேட்டாலும் தெலுங்கில்தான் பதில் சொல்வாள். என் கையிடுக்கில் தலையை நுழைத்து அந்தக் குடையைப் பார்த்தாள்.

"எவரு மம்மி?" யார் அது என்று கேட்டாள்.

"பக்கத்து வீட்டு அக்கா" என்றேன்.